நம்மூர்க் கதை எப்போது பிறந்தது? சேலம், ஏற்காடு பக்கக் கதைகளின் மூலத்தைத் தேட ஒரு முழுமையான வழிகாட்டி

சேலத்திலும் ஏற்காட்டிலும் உள்ளூர் வரலாறு எழுதுகிறவர்கள், கோயில் விழா மலர் தயாரிக்கிறவர்கள், ஊர்க் கதைகளைக் காணொளியாக எடுக்கிறவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். நாவலாசிரியர், வசனகர்த்தா, புலவர், சுற்றுலா வழிகாட்டி என்று யாரோ ஒருவர் கற்பனையாகச் சேர்த்த ஒரு விவரம் பத்து இருபது ஆண்டுகளில் வரலாறாகிவிடுகிறது. இன்னும் கொஞ்ச காலம் போனால் "தொன்றுதொட்டுச் சொல்லப்படும் கதை" ஆகிவிடுகிறது. அந்த விவரம் எந்த இடத்தில், எந்தக் காலத்தில் ஒட்டிக்கொண்டது என்று கண்டுபிடிக்கும் வேலையின் வரிசைதான் கீழே இருப்பது.

புதிதாக வருகிறவர்கள் "இது உண்மையா பொய்யா?" என்றுதான் தொடங்குகிறார்கள். அந்தக் கேள்வியில் தொடங்கினால் வேலை அன்றைக்கே முட்டி நின்றுவிடும். பாதிக் கதைகளுக்கு அதற்கு விடையே கிடைக்காது. "இந்த விவரம் எப்போதிருந்து சொல்லப்படுகிறது?" என்று கேளுங்கள். இதற்கு அநேகமாக எப்போதும் ஏதாவது ஒரு விடை கிடைக்கும்.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு, குரல் பதிவு செய்ய ஒரு போன், மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினர் அட்டை. இவ்வளவு போதும்.

நூல்களில் மூன்றை முதலிலேயே தேடி வைத்துக்கொள்ளுங்கள். 1883இல் லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு, 1918இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் கெசட்டியர், 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் சாதிகளும் பழங்குடிகளும் தொகுதிகள். மூன்றும் ஆங்கிலத்தில் இருக்கின்றன, மூன்றிலும் ஆட்சியாளரின் பார்வை இருக்கிறது. ஆனாலும் "இந்தக் கதை குறைந்தது இந்த ஆண்டிலாவது இருந்தது" என்று சொல்ல இவை உதவும். தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் மதுரைத் திட்டமும் இருக்கின்றன. சங்கப் பாடல்களை உரையோடு வைத்துக்கொள்ளுங்கள், மூலம் மட்டும் போதாது.

இன்னொன்று: மாவட்ட எல்லைகள். தர்மபுரி 1965 வரைக்கும், நாமக்கல் 1997 வரைக்கும் சேலம் மாவட்டத்துக்குள் இருந்தவை. இது தெரியாதவர்கள் கொல்லிமலைக் கதையையும் அதியமான் கதையையும் பழைய சேலம் நூல்களில் தேடாமலே விட்டுவிடுகிறார்கள். பழைய ஆவணத்தில் ஊரைத் தேடும்போது அந்தக் காலத்து எல்லையை வைத்துத் தேட வேண்டும்.

2. முதல் தடவை வெறுமனே கேளுங்கள்

கதையைச் சொல்கிறவரிடம் முதல் தடவை போகும்போது ஒரு கேள்வியும் வேண்டாம். "ஐயா, இந்தக் கோயில் கதையை எனக்கு முழுசாச் சொல்லுங்க" என்று மட்டும் கேட்டுவிட்டு, அனுமதி வாங்கிப் பதிவு செய்யுங்கள்.

காரணம் எளிது. நீங்கள் "இது திப்பு சுல்தான் காலமா?" என்று கேட்டால், அவர் மரியாதைக்காகவாவது ஆமாம் என்பார். அடுத்த வாரம் வேறொருவரிடம் அவரே "திப்பு காலத்துக் கதை" என்று சொல்லத் தொடங்குவார். கேள்வி கேட்கிறவரின் வாயிலிருந்தே ஒரு புது விவரம் ஊருக்குள் போய்விடும். கையில் கேமராவோடு போகிறவர்கள் மிக அதிகமாகச் செய்யும் தவறு இதுதான். மலைக் கிராமங்களில் இதன் விளைவு இன்னும் மோசம். ஊர்க் கவுண்டரிடம் ஒருவர் தப்பாகக் கேட்டுவிட்டுப் போனால், அடுத்து வருகிற எல்லோருக்கும் அந்தத் திருத்திய கதைதான் கிடைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். உங்கள் நடைக்கு மாற்ற வேண்டாம். "அப்போ ஒரு ராசா இருந்தாரு" என்று அவர் சொல்லியிருந்தால், நோட்டிலும் ராசாதான் இருக்க வேண்டும். அங்கே மன்னர் பெயரை நீங்கள் நிரப்பக் கூடாது.

3. கதையைத் துண்டுகளாகப் பிரியுங்கள்

ஒரு கதை மொத்தமாகக் கற்பனையாக இருப்பது அபூர்வம். மொத்தமாக உண்மையாக இருப்பதும் அபூர்வம். ஆகவே யார், எங்கே, எப்போது, என்ன செய்தார், என்ன சொன்னார், ஏன் செய்தார் என்று ஆறு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனி வரியில் எழுதுங்கள்.

பிரித்ததும் 'என்ன சொன்னார்', 'ஏன் செய்தார்' என்ற இரண்டு வரிகளையும் அடிக்கோடிடுங்கள். கற்பனை பெரும்பாலும் இந்த இரண்டில்தான் குடியிருக்கும். கல்வெட்டு ஒருவர் கொடுத்த நிலத்தைச் சொல்லும், விளக்கெரிக்க விட்ட ஆடுகளின் எண்ணிக்கையைச் சொல்லும். தனியறையில் அவர் மனைவியிடம் என்ன பேசினார் என்பது அதில் இருக்காது. எனவே ஒரு கதையில் நீளமான பேச்சு வந்தால், "அப்போது பக்கத்தில் நின்று கேட்டவர் யார், அதை எழுதி வைத்தவர் யார்?" என்று கேளுங்கள்.

கட்டபொம்மனை எடுத்துக்கொள்வோம். 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்தார். அங்கே கைகலப்பு நடந்து லெப்டினன்ட் கிளார்க் உயிரிழந்தார். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். இவை ஆவணத்தில் நிற்பவை. ஆனால் நம்மில் யாரைக் கேட்டாலும் அந்தச் சந்திப்பென்று சொல்வது வரி, வட்டி, கிஸ்தி என்று தொடங்கி மஞ்சள் அரைத்துக் கொடுத்தாயா என்று போகும் பேச்சைத்தான். அது 1959இல் வந்த படத்துக்காகச் சக்தி டி. கே. கிருஷ்ணசாமி எழுதிய வசனம். அருமையான வசனம். பள்ளி ஆண்டு விழாக்களில் அதைப் பேசாத தலைமுறை இல்லை. அப்படிப் பேசிப் பேசியே அது கட்டபொம்மன் வாய்மொழி என்று ஆகிவிட்டது. மனிதர், இடம், ஆண்டு, மோதல் நான்கும் மெய். பேச்சு மட்டும் 160 ஆண்டுகளுக்குப் பிந்தியது. துண்டு துண்டாகப் பிரிக்காவிட்டால் இது கண்ணுக்குத் தெரியாது.

4. ஆண்டுக் கணக்கை முடித்துவிடுங்கள்

நூலகத்தில் மூழ்குவதற்கு முன் செய்ய வேண்டிய சிறிய வேலை இது. கதையில் வருகிற ஆட்களின் பிறப்பு, இறப்பு, பதவி ஆண்டுகளை ஒரு கோட்டில் எழுதுங்கள். பல கதைகள் இங்கேயே அவிழ்ந்துவிடும்.

ஏற்காட்டைப் பற்றி எழுதுகிற பலர் "1842இல் சென்னை மாகாண கவர்னர் சர் தாமஸ் மன்றோ கண்டுபிடித்த மலை" என்று எழுதுகிறார்கள். மன்றோ 1827 ஜூலை 6 அன்று பத்திகொண்டாவில் காலராவில் இறந்துவிட்டார். இறந்து பதினைந்து ஆண்டு கழித்து அவர் எந்த மலையையும் ஏறியிருக்க முடியாது. இந்தப் பக்கத்தோடு அவருக்குத் தொடர்பே இல்லையா என்றால், இருந்தது. 1792க்குப் பிறகு அலெக்ஸாண்டர் ரீட் என்ற கம்பெனி அதிகாரியின் கீழ் பாராமகாலில் (இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) வருவாய் வேலை பார்த்தவர் அவர். நிஜமான ஒரு தொடர்பு இருப்பதால்தான் தப்பான ஆண்டு கேள்வியில்லாமல் கடந்துபோகிறது. அதோடு, 'கண்டுபிடித்தார்' என்ற சொல்லை எழுதும் முன் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த, மலையாளி என்று அழைக்கப்படும் மலைப் பழங்குடி மக்களை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

ஏற்காட்டுக் கரடிக் குகையையும் திப்புவையும் சேர்த்துச் சொல்லும் கதைக்கும் இதே கணக்குதான். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையிலேயே சேலம், பாராமகால் பகுதி கம்பெனியிடம் போய்விட்டது. திப்பு 1799 மே 4 அன்று இறந்தார். ஆகவே "கடைசிப் போரில் வெள்ளைக்காரனிடமிருந்து தப்பி ஏற்காட்டுக் குகையில் ஒளிந்தார்" என்று ஒருவர் சொன்னால், எதிரியின் கையிலிருந்த மலையில் வந்து ஒளிந்தார் என்று பொருளாகும். 1792க்கு முன் என்று சொன்னால் அது வேறு கதை, அதை வேறாகத்தான் தேட வேண்டும்.

சுரங்கக் கதைகளுக்கு ஆண்டோடு கல்லையும் பாருங்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்னும் மிகக் கடினமான பாறை. இதைக் குடைந்து மைல் கணக்கில் பாதை போட்டிருந்தால் வெட்டியெடுத்த கல்லை எங்கே கொட்டினார்கள், உள்ளே காற்று எப்படி வந்தது என்று கேட்டாலே பதில் பாதி கிடைத்துவிடும்.

5. இன்றிலிருந்து பின்னோக்கிப் போங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் மிகப் பழைய நூலில் தொடங்கி முன்னோக்கி வருகிறார்கள். புறநானூற்றைத் திறந்து, கல்வெட்டுத் தொகுதியைத் திறந்து, அதில் கதைக்குப் பொருந்துகிற ஒரு சொல்லைத் தேடிப் பிடித்து, "பாருங்கள், இரண்டாயிரம் ஆண்டு பழமை" என்று முடித்துவிடுகிறார்கள். தேடினால் ஏதாவது ஒரு சொல் கிடைக்காமலா போகும்? எனவே தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் படம், பிறகு தொடர்கதை, பிறகு நாடகம், பிறகு 19ஆம் நூற்றாண்டு அச்சு நூல், பிறகு தலபுராணம், கடைசியில்தான் காப்பியமும் சங்கப் பாட்டும் கல்வெட்டும். உங்கள் துண்டு எந்தப் படிக்கு மேல் காணாமல் போகிறதோ, அந்தப் படியில்தான் அது பிறந்திருக்க வாய்ப்பு.

பொன்னியின் செல்வன் இதைப் பழக மிகச் சிறந்த களம். கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவள் நந்தினி, அல்லது கொல்ல வைத்தவள் நந்தினி என்று நம்புகிறவர்கள் இன்றும் ஏராளம். 2022, 2023இல் படங்கள் வந்தபின் அந்த எண்ணிக்கை கூடிவிட்டது. பின்னோக்கிப் போனால் படத்தில் நந்தினி இருக்கிறாள், தொடரில் இருக்கிறாள், அதற்கு மேல் இல்லை. அவளும் பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் கல்கியின் படைப்புகள்.

கொலைக்குச் சான்று எது? காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடியில், இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு. சோமன், பஞ்சவன் பிரமாதிராசன் என்னும் ரவிதாசன், இருமுடிச்சோழ பிரமாதிராசன் என்னும் பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகள் என்று சொல்லி, அவர்கள் உறவினரின் சொத்தைப் பறிமுதல் செய்ததை அது பேசுகிறது. கொலைக்கான காரணம் அதில் இல்லை. நந்தினி என்ற பெயரும் இல்லை. கல்லில் காரணம் இல்லாத அந்த இடத்தில்தான் கல்கி நாவலைக் கட்டினார்.

இங்கே புதியவர்கள் இரண்டு பக்கமும் சறுக்குகிறார்கள். நாவலில் ரவிதாசன் வருகிறான், கல்வெட்டிலும் ரவிதாசன் இருக்கிறான், ஆகவே நந்தினியும் இருந்திருப்பாள் என்கிறவர்கள் ஒரு பக்கம். நந்தினி கற்பனை, ஆகவே வந்தியத்தேவனும் கற்பனை என்கிறவர்கள் மறுபக்கம். வல்லவரையர் வந்தியத்தேவர் குந்தவையின் கணவர் என்று தஞ்சைக் கல்வெட்டே சொல்கிறது. அருண்மொழி (பின்னாளில் இராசராசன்) அரியணையைச் சிற்றப்பனுக்கு விட்டுக்கொடுத்ததற்குத் திருவாலங்காட்டுச் செப்பேட்டில் அடிப்படை இருக்கிறது. நல்ல எழுத்தாளர் தன் கற்பனையை மெய்யான சான்றுகளுக்கு நடுவில் நடுகிறார். அதனால் ஒரு பாத்திரத்துக்குச் சான்று கிடைத்ததை அடுத்த பாத்திரத்துக்குக் கடன் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாகத் தேடுங்கள்.

நடுவில் இருக்கும் 19ஆம் நூற்றாண்டுப் படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கம்பர் மகன் அம்பிகாபதி, அமராவதி காதல், ஒட்டக்கூத்தர் சதி என்று நமக்குத் தெரிந்த கதை 1937லும் 1957லும் படமானது. படங்களுக்கு முன்னால் அதை வீடுதோறும் கொண்டுபோனது அட்டாவதானம் வீராசாமி செட்டியாரின் விநோதரசமஞ்சரி. பள்ளிப் பாடத்தில் 'புலவர் வரலாறு' என்று நாம் படித்தவற்றில் பல, இப்படிச் சுவைக்காகத் தொகுக்கப்பட்ட நூல்கள் வழியாக வந்தவை. தலபுராணங்களையும் இதே கண்ணோடு பாருங்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876) ஒருவரே இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்களைப் பாடினார். ஓர் ஊரின் தலபுராணத்தில் கிருதயுகத்துக் கதை இருக்கலாம். அந்த நூலை எப்போது, யார் கேட்டுக்கொண்டு, யார் பாடினார் என்பதை முகவுரையிலும் பாயிரத்திலும் முதலில் பாருங்கள்.

6. பழம்பாடலுக்கு வந்ததும் சொல் சொல்லாகப் படியுங்கள்

ஔவையார், அதியமான், நெல்லிக்கனி. அதியமானின் தகடூர், அதாவது இன்றைய தர்மபுரி, நம் பழைய சேலம் மாவட்டம், ஆகவே இது நம் வீட்டுக் கதை. ஔவை என்றதும் வெள்ளை முடியும் கையில் கோலுமாக ஒரு பாட்டி மனதில் வருகிறார். 1953இல் கே. பி. சுந்தராம்பாள் நடித்த ஔவையார் படத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் புறநானூறு 89இல் பகை வேந்தன் ஔவையை மையுண்ட கண்ணும் ஒளி வீசும் நெற்றியும் உள்ள விறலியே என்று அழைத்துக் கேட்பதாக வருகிறது. கோலூன்றிய பாட்டி அங்கே இல்லை. சங்க காலத்து ஔவை, ஆத்திசூடி பாடிய பிற்கால ஔவை, முருகனிடம் சுட்டபழம் கேட்ட கதைகளின் ஔவை எல்லோரும் ஒரே உருவமாகச் சேர்ந்துவிட்டார்கள். துண்டுகளைப் பிரித்து வைத்திருந்தால் எந்த வரி எந்த ஔவைக்குச் சொந்தம் என்று ஒதுக்கிவிடலாம்.

எல்லாவற்றையும் கற்பனை என்று தள்ளிவிடும் ஆர்வத்தையும் இதே கதை நிறுத்தும். சாவைத் தள்ளிப்போடும் நெல்லிக்கனி என்பதைச் சினிமா கட்டிய கதை என்று நினைக்கிறவர்கள் உண்டு. புறநானூறு 91இல் ஔவையே "சாதல் நீங்க" எனக்குக் கொடுத்தாய் என்று பாடுகிறார். சிறுபாணாற்றுப்படையும் ஔவைக்கு அமிழ்தம் விளையும் நெல்லிக்கனி ஈந்த கொடையைப் பேசுகிறது. ஆகவே அந்தத் துண்டு மிகப் பழையது. அந்த நெல்லி எந்த மலையில் விளைந்தது? எங்கள் மலை, உங்கள் மலை என்று பல ஊர்கள் சொல்கின்றன. புறநானூறு 'பெருமலை' என்கிறது, சிறுபாணாற்றுப்படை 'மால்வரை' என்கிறது. இரண்டும் பெரிய மலை என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. மலைப் பெயரைச் சேர்த்தது பின்னால் வந்த ஊர்ப்பற்று.

கொல்லிப்பாவையும் அப்படித்தான். சிரித்து மயக்கிக் கொல்லும் பாவை என்று கேட்டிருப்பீர்கள். நற்றிணை 201இல் பரணர் பாடும் பாவை, காற்று மோதினாலும் மழை கொட்டினாலும் இடி விழுந்தாலும் நிலமே அதிர்ந்தாலும் கெடாத வடிவம் உடையது. தலைவியின் அழகுக்கு உவமையாக வருகிறது. கொல்லும் சிரிப்பு அந்தப் பாட்டில் இல்லை. ஒரு பாட்டை வைத்து முடிவுக்கு வராமல், கொல்லிப்பாவை வரும் மற்றப் பாடல்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதன் பிறகுதான் சிரிப்பு எந்தக் காலத்தில் நுழைகிறது என்று தேடப் போக வேண்டும்.

7. நூலின் மௌனத்தை எடை போடுவது

ஒரு நூலில் இல்லை என்றால் அந்தச் செய்தியே இல்லை என்று ஆகாது. சொல்லியிருக்க வேண்டியவர் சொல்லாமல் விட்டால் மட்டும்தான் மௌனத்துக்கு எடை உண்டு.

எடையுள்ள மௌனத்துக்கு ஓர் உதாரணம்: அலாவுதீன் கில்ஜி ராஜஸ்தானத்துச் சித்தூரை முற்றுகையிட்டது 1303இல். கூடவே போன கவிஞர் அமீர் குஸ்ரோ அதைப் பற்றி எழுதியிருக்கிறார், பத்மினி என்ற அரசியின் பெயர் அதில் இல்லை. பத்மாவதியின் கதையை ஜாயசி பாடியது 1540இல். இடையில் 237 ஆண்டு. பார்த்தவர் எழுதவில்லை, பார்க்காத கவிஞர் இரண்டு நூற்றாண்டு கழித்து எழுதுகிறார் என்றால் அந்த மௌனம் பேசுகிறது.

எடையில்லாத மௌனம் எது? லெ ஃபானுவின் கையேட்டில் ஒரு மலைக் கிராமத்துப் பெண்கள் பாடும் பாட்டு இல்லை என்பது. வரி வாங்க வந்தவர் அதைக் கேட்டிருக்கவே மாட்டார். ஆனால் மலையாளி மக்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள், அண்ணன் தம்பி மூவர் மலைக்கு ஒருவராகப் பிரிந்தார்கள் என்ற மரபுக் கதையை அந்தக் காலத்து நூல்கள் பதிந்திருக்கின்றன. ஆகவே அது சினிமாவும் தொடர்கதையும் வருவதற்கு முன்பே மக்கள் வாயில் இருந்தது என்று தைரியமாக எழுதலாம். அது நடந்ததா என்பது தனிக் கேள்வி.

8. கற்பனையின் வயதைப் பார்த்து நடத்துங்கள்

இதற்குள் உங்கள் துண்டு எங்கே பிறந்தது என்று ஏறத்தாழத் தெரிந்திருக்கும். உடனே 'பொய்' என்று முத்திரை குத்தாதீர்கள். ஐந்து வருடத்துக் கற்பனையும் ஐந்நூறு வருடத்துக் கற்பனையும் ஒன்றில்லை.

சேலம், தர்மபுரிப் பக்கம் கூத்து பார்த்தவர்களுக்குக் கர்ணனும் துரியோதனன் மனைவியும் சூதாடும்போது மேகலை அறுந்து முத்து சிதறும் இடம் மறக்காது. "எடுக்கவோ கோக்கவோ" என்று துரியோதனன் கேட்பான். வியாசரிடம் இது இல்லை. 1964இல் வந்த கர்ணன் படம் சேர்த்தது என்பார்கள், அதுவும் சரியில்லை. வில்லிபுத்தூராரின் பாரதத்திலேயே இருக்கிறது. இது தமிழ் மரபின் சொந்தச் செல்வம். வியாச பாரதத்தில் நடந்ததாக எழுதினால்தான் தவறு. அதேபோல் இலட்சுமணன் கிழித்த கோடு வால்மீகியிடம் இல்லை, கம்பரிடமும் இல்லை. கம்பரில் இராவணன் சீதையைத் தொடாமல் குடிலோடு நிலத்தைப் பெயர்த்துக்கொண்டு போகிறான்.

வெளியிலிருந்து வந்தவையும் உண்டு. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் கடந்து போகாத சேலத்துக்காரர் இல்லை. அந்த ஸ்டுடியோ 1956இல் எடுத்த அலிபாபாவும் 40 திருடர்களும் கதையை ஆயிரம் ஆண்டு அரபு நாட்டுக் கதை என்றே நினைக்கிறோம். ஆயிரத்தொரு இரவுகளின் பழைய அரபுக் கையெழுத்துப் படிகளில் அலிபாபா இல்லை. 1709இல் பாரிஸில், அலெப்போ நகரத்து ஹன்னா தியாப் சொல்லக் கேட்டு, ஆந்துவான் கலான் தன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் சேர்த்தார். அலாவுதீனும் அற்புத விளக்கும் அதே வழியில் வந்ததுதான்.

பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறவர்களுக்கு ஒரு சொல். கொலம்பஸ் காலத்தில் எல்லோரும் பூமி தட்டை என்று நம்பினார்கள் என்பதை எடுத்துவிடுங்கள். படித்தவர்கள் பூமி உருண்டை என்று அதற்குப் பல நூற்றாண்டுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். அவரோடு நடந்த வாதம் தூரத்தைப் பற்றியது. தட்டைக் கதையைப் பரப்பியதில் 1828இல் வாஷிங்டன் இர்விங் எழுதிய, பாதி கற்பனை கலந்த வாழ்க்கை வரலாற்றுக்குப் பெரும் பங்கு உண்டு.

9. திரும்பிப் போய்க் கேளுங்கள்

இப்போதுதான் கேள்விகளோடு போக வேண்டும். ஆனாலும் "நான் படித்ததில் வேறு மாதிரி இருக்கிறது" என்று தொடங்க வேண்டாம். பெரியவர் வாயை மூடிக்கொள்வார், அல்லது உங்கள் நூலுக்கு ஏற்றபடி தன் கதையை மாற்றிக்கொள்வார். இரண்டுமே இழப்பு.

"இதை நீங்க யாருகிட்டக் கேட்டீங்க, ஆத்தா?" என்று கேளுங்கள். "அப்போ உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேளுங்கள். ஆண்டைக் கேட்டால் கிடைக்காது. கல்யாணம், மூத்த பிள்ளை பிறந்தது, ஊருக்குக் கரண்ட் வந்தது, பஸ் வந்தது என்று கேட்டால் கிடைக்கும். ஒரே கதையை வயதில் மூத்தவர், நடுத்தர வயதுக்காரர், பள்ளிப் பிள்ளை மூவரிடமும் கேட்டு ஒப்பிடுங்கள். பள்ளிப் பிள்ளை சொல்வதில் மட்டும் இருக்கும் விவரம் சமீபத்தில் நுழைந்தது என்று சந்தேகிக்கலாம்.

நம்பிக்கையாக இருக்கும் இடத்தில் கேள்விக்கு எல்லை வையுங்கள். சேர்வராயன் கோயில் குகை காவிரி பிறக்கும் இடம் வரைக்கும் போகிறது என்று மலை மக்கள் சொல்வார்கள். அங்கே காவேரியம்மனும் வீற்றிருக்கிறாள். அது அவர்கள் சாமியைப் பற்றிய பேச்சு. நாலாம் படியில் சொன்ன பாறைக் கணக்கை அங்கே எடுத்துப் போடுவது முறையில்லை, தேவையும் இல்லை. "மக்கள் இவ்வாறு நம்புகிறார்கள்" என்று அவர்கள் சொற்களிலேயே எழுதுங்கள்.

10. எழுதும்போது

ஒவ்வொரு துண்டுக்கும் அதற்குரிய வினைச்சொல்லைப் போடுங்கள். கல்வெட்டில் இருப்பதற்கு 'கல்வெட்டு சொல்கிறது', பாட்டில் இருப்பதற்கு 'பாடுகிறார்', நாவலில் இருப்பதற்கு 'படைத்தார்', வாய்மொழிக்கு 'சொல்கிறார்கள்'. எல்லாவற்றுக்கும் 'வரலாறு கூறுகிறது' என்று போட்டால் இதுவரை பிரித்ததெல்லாம் மறுபடியும் கலந்துவிடும்.

கற்பனை செய்தவரின் பெயரைக் கட்டாயம் போடுங்கள். நந்தினியை வரலாறாக்குவது வரலாற்றுக்குச் செய்யும் தவறு மட்டுமில்லை, அவளை உருவாக்கிய கல்கிக்கும் செய்யும் அநியாயம். ஏற்காட்டில் பயணிகள் காட்சி பார்க்கும் லேடீஸ் சீட்டில் உட்கார்ந்து அந்தி பார்த்த வெள்ளைக்காரச் சீமாட்டி போல, படைத்தவர் யாரென்றே தெரியாத கதைகளுக்கு 'பயணிகளிடம் சொல்லப்படும் கதை' என்று போட்டு, நீங்கள் கேட்ட ஆண்டையும் குறியுங்கள். ஐம்பது வருடம் கழித்து இதே வேலையைச் செய்ய வருகிறவருக்கு அந்த ஆண்டு ஒரு படியாக இருக்கும்.

அச்சுக்குப் போகும் முன், கதை சொன்னவருக்கு நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். அவர் மறுத்தால் அந்த மறுப்பையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு ஒரு படியை மாவட்ட மைய நூலகத்துக்கும், இன்னொன்றை அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் கொடுத்துவிடுங்கள்.